அளந்து சொன்ன எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இரண்டு மாணவர்கள் புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது கீழே விழும் பொருளின் வேகம் நொடிக்கு எத்தனை மீட்டர்/நொடி கூடுகிறது என்பதை, அளக்கிறார்கள். ஒருவருக்கு 9.7 வருகிறது, இன்னொருவருக்கு 9.79. பாடப்புத்தகத்தில் இருப்பது 9.81. யார் நன்றாக அளந்திருக்கிறார்? பார்த்த மாத்திரத்தில் இரண்டாமவர்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இந்த மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வழியே இல்லை.

முதல் மாணவர் 9.7 ± 0.2 என்று எழுதியிருந்தால் அவருடைய முடிவு புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. உண்மை மதிப்பு பெரும்பாலும் 9.5-க்கும் 9.9-க்கும் நடுவில் இருக்கும் என்றுதான் அவர் சொல்கிறார். அது சரிதான். இரண்டாமவர் 9.790 ± 0.002 என்று எழுதியிருந்தால் விஷயம் வேறு. புத்தக மதிப்புக்கும் அவருடைய மதிப்புக்கும் இடைவெளி 0.02. அவரே ஒப்புக்கொண்ட தடுமாற்றத்தைப்போல அது பத்து மடங்கு. அப்படியானால் இரண்டில் ஒன்று: அவருடைய சோதனையில் எங்கோ கோளாறு, அல்லது அவர் நிற்கும் இடத்தில் முடுக்கம் உண்மையிலேயே 9.79. பின்னது நடக்காத காரியம் இல்லை. நிலநடுக்கோட்டில் கடல்மட்டத்தில் முடுக்கம் 9.780, துருவங்களில் 9.832. ஊருக்கு ஊர் அது கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

கோளாறா, புது உண்மையா? அளவீட்டு அறிவியலின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். ± குறிக்குப் பின்னால் வரும் எண் இல்லாவிட்டால் இதைக் கேட்கக்கூட முடியாது. ஆய்வகக் குறிப்பேட்டில் அந்த இடத்தை மாணவர்கள் கடைசி நிமிடத்தில் ஒப்புக்கு நிரப்பிக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சோதனையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். ± என்பது 'நான் தப்புச் செய்துவிட்டேன்' என்ற ஒப்புதல் இல்லை. அளவுகோலைத் தலைகீழாகப் படித்தது, 15 என்பதை 51 என்று எழுதியது போன்றவை கவனக்குறைவு. அவற்றைக் கண்டுபிடித்தால் திருத்த வேண்டும், கணக்கில் சேர்க்கக் கூடாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் மிச்சமிருக்கும் தெரியாமையின் அளவுதான் ±. அதை ஆய்வாளர்கள் நிச்சயமின்மை என்கிறார்கள். பொதுவான வழக்கப்படி, சொன்ன எல்லைக்குள் உண்மை மதிப்பு இருக்க 68% வாய்ப்பு. எல்லையை இரண்டு மடங்காக்கினால் 95%. ஆகவே மூன்று அளவீடுகளில் ஒன்று எல்லைக்குச் சற்று வெளியே விழுவது இயல்பு. ஒருவர் வெளியிட்ட முடிவுகள் அனைத்தும் எல்லைக்குள்ளேயே அடங்கியிருந்தால், அவர் எல்லையை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டிருக்கிறார் என்றுதான் நினைக்க வேண்டும்.

ஊசலை வைத்து ஒரு கணக்கு

தனி ஊசல் சோதனையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு மீட்டர் நூல், அடியில் உலோகக் குண்டு, கையில் ஸ்டாப்வாட்ச். ஊசல் ஒரு முறை போய்வர ஏறத்தாழ 2 நொடி ஆகும். ஸ்டாப்வாட்ச் நூறில் ஒரு நொடி வரை காட்டும் என்பதால் நேரத்தை அவ்வளவு நுட்பமாக அளந்துவிட்டோம் என்று நினைத்துவிடக் கூடாது. பொத்தானை அழுத்துவது விரல். கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் ஆகும் தாமதம் ஒவ்வொரு முறையும் மாறும். தொடக்கமும் முடிவும் சேர்த்து 0.2 நொடி என்று வைத்துக்கொள்வது நியாயமான மதிப்பீடு. ஒரே ஒரு அலைவை அளந்தால் 2 நொடியில் 0.2 நொடி, அதாவது 10%. முடுக்கத்துக்கான சூத்திரத்தில் அலைவு நேரம் வர்க்கமாக வருகிறது. வர்க்கமாக வரும் அளவின் சதவீத நிச்சயமின்மை விடையில் இரட்டிப்பாகும். ஆக 20%. விடை 9.8 ± 2. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

சரி, 20 அலைவுகளைச் சேர்த்து அளப்போம். 40.1 நொடி வருகிறது. விரலின் தடுமாற்றம் அதே 0.2 நொடிதான், ஆனால் இப்போது அது 40.1-இல் 0.2. அதாவது 0.5%, வர்க்கத்தால் 1%. நூலின் நீளத்தை 2 மில்லிமீட்டருக்குள் அளந்திருந்தால் அதன் பங்கு 0.2%. இந்த இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டும் ஒரே பக்கமாக, முழு அளவில் தவறுவது அரிது. அதனால் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள். விடை 1.02%. கால்குலேட்டர் 9.8204 என்று தொடங்கி எட்டு இலக்கம் காட்டும். நாம் எழுத வேண்டியது 9.82 ± 0.10. மற்ற இலக்கங்களில் தகவல் ஏதும் இல்லை.

இந்தச் சின்னக் கணக்கில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. மொத்த நிச்சயமின்மை 1.02%, அதில் நேரத்தின் பங்கு மட்டும் 1%. நீளத்தின் பங்கு இருந்த இடமே தெரியவில்லை. இந்த நிலையில் இன்னும் நுட்பமான அளவுகோலை வாங்கி நீளத்தைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை அளந்தாலும் விடை ஒரு துளிகூட மேம்படாது. 100 அலைவுகளை எண்ணினால் மேம்படும்: நேரத்தின் பங்கு 0.2% ஆகக் குறையும், மொத்தம் 0.28%, விடை ± 0.03. இப்போது நீளமும் நேரமும் சமம். இனிமேல்தான் நீளத்தில் உழைப்பைப் போடுவதில் பொருள் உண்டு. பெரிய ஆய்வகங்களிலும் இதே கணக்கைத்தான், பல பக்கங்களுக்கு நீளும் பட்டியலாகப் போடுகிறார்கள். எது எவ்வளவு தின்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியும்.

இதில் 0.2 நொடி என்ற எண் எங்கிருந்து வந்தது? அனுபவத்திலிருந்து வந்த மதிப்பீடு அது. பலமுறை அளந்து, சிதறலைப் பார்த்துக் கணக்கிடுவது ஒரு வழி. கருவியின் தரச்சான்று, முந்தைய அனுபவம், பௌதிக அறிவு இவற்றை வைத்து மதிப்பிடுவது இன்னொரு வழி. 1993-இல் வெளியான, நிச்சயமின்மையைக் கணக்கிடுவதற்கான சர்வதேச வழிகாட்டி முதலாவதை ஏ வகை என்றும் இரண்டாவதை பி வகை என்றும் பிரித்து, இரண்டையும் சம மரியாதையோடு ஒரே கணக்கில் சேர்க்கச் சொன்னது. இரண்டாவது வகையைக் கேட்டவுடன் 'இது வெறும் ஊகம்தானே' என்று சிலருக்குத் தோன்றும். காரணத்தோடு எழுதி வைத்த ஊகத்தை அடுத்தவர் சரிபார்க்கலாம், மறுக்கலாம். எழுதாமல் விட்டதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

திரும்பத் திரும்ப அளந்தாலும் தெரியாதது

விரலின் தடுமாற்றம் ஒரு முறை முந்தும், மறுமுறை பிந்தும். பலமுறை அளந்து சராசரி எடுத்தால் அது தானாகத் தேயும். எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத் தேயும் என்பதால் பாதியாக்க நான்கு மடங்கு அளக்க வேண்டும், பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. உழைப்பு அதிகம்தான், ஆனாலும் பாதை தெளிவு.

அதே ஊசலில் இன்னொன்று நடக்கலாம். நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். ஒருவர் குண்டின் மேல்விளிம்போடு நிறுத்திவிட்டார். குண்டின் ஆரம் ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் நீளத்தில் 1.5% குறைவு. விடை 9.82-க்குப் பதில் 9.67-இல் வந்து நிற்கும். நூறு முறை அளந்தாலும் அங்கேதான் நிற்கும். ± 0.03 என்று பக்கத்தில் எழுதியும் கொடுப்பார். பார்ப்பதற்கு மிக நேர்த்தியான முடிவு, ஆனால் சொன்ன எல்லையைப்போல ஐந்து மடங்கு தள்ளி நிற்கிறது. ஊசலை அதிகமாக இழுத்து விட்டாலும் இதே கதைதான். 20 பாகை வீச்சில் அலைவு நேரம் சுமார் 0.8% கூடிவிடும், முடுக்கம் ஒன்றரை சதவீதம் குறைவாக வரும். இவை முறையான பிழைகள். எல்லா அளவீடுகளையும் ஒரே பக்கமாகத் தள்ளுவதால் சிதறலில் இவற்றின் சுவடே இருக்காது.

எண்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக இருப்பது வேறு, உண்மைக்கு நெருக்கமாக இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடியைவிட வலுவாகச் சொல்லும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

2.4 மீட்டர் விட்டமுள்ள அந்தக் கண்ணாடியை, வேண்டிய வடிவத்திலிருந்து சில பத்து நானோமீட்டருக்கு மேல் விலகாதபடி மெருகேற்ற வேண்டியிருந்தது. மெருகேற்றும்போது வடிவத்தைச் சோதிக்க ஒரு சிறப்பு ஒளியியல் கருவியைச் செய்தார்கள். அதற்குள் ஒரு வில்லையின் இடம் 1.3 மில்லிமீட்டர் தவறிப்போனது. இடத்தைக் குறிக்கும் அளவுக்கோலின் முனையில் ஒரு மூடி இருந்தது. அந்த மூடியின் மேலிருந்த ஒளி மறுக்கும் பூச்சு ஓரிடத்தில் உரிந்திருந்ததால், கோலின் நுனியில் பட்டுத் திரும்ப வேண்டிய லேசர் ஒளி மூடியில் பட்டுத் திரும்பியது. கருவி சொன்னபடியே கண்ணாடியை மெருகேற்றினார்கள், மிக மிக நேர்த்தியாக. விளிம்பு வேண்டியதைவிட ஏறத்தாழ 2.2 மைக்ரோமீட்டர் தட்டையாகிப்போனது. 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போன பிறகுதான் படங்கள் மங்கலாக வருவது தெரிந்தது.

என்னை உலுக்கும் பகுதி இனிமேல்தான். தரையில் இருந்தபோதே வேறு இரண்டு எளிய கருவிகள் கண்ணாடியில் கோளாறு இருப்பதைக் காட்டியிருந்தன. அவற்றின் துல்லியம் குறைவு, சிறப்புக் கருவியே நம்பத்தக்கது என்று அந்த முடிவுகளை ஒதுக்கிவிட்டார்கள். துல்லியம் குறைந்த கருவிதான், ஆனால் அது காட்டிய கோளாறு அதன் நிச்சயமின்மையைவிடப் பெரியது. ஒதுக்குவதற்கு முன் அந்த ஒப்பீட்டை உட்கார்ந்து செய்திருந்தால் போதும், தரையிலேயே பிடித்திருக்கலாம். கடைசியில் தவறின் வடிவமும் அளவும் துல்லியமாகத் தெரிந்ததால், அதை ஈடுகட்டும் ஒளியியல் பாகங்களைச் செய்து 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் பொருத்தினார்கள். பார்வை சரியானது.

வேறு வழியில் போய்ப் பார்ப்பது

முறையான பிழையைத் திரும்பச் செய்து கண்டுபிடிக்க முடியாது, மாற்றிச் செய்துதான் கண்டுபிடிக்க முடியும். ஊசல் விஷயத்தில், நூலின் நீளத்தை ஐந்தாறு முறை மாற்றி, நீளத்துக்கு எதிராக அலைவு நேரத்தின் வர்க்கத்தை வரைபடமாகப் போடலாம். குண்டின் ஆரத்தை விட்டுவிட்டாலும் கோட்டின் சாய்வு மாறாது, அதனால் முடுக்கம் சரியாக வரும். கோடு தொடக்கப்புள்ளி வழியாகப் போகாமல் விலகி நிற்பதைப் பார்த்து, எவ்வளவு நீளத்தை விட்டோம் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் எல்லா முறையும் 20 பாகைக்கு இழுத்து விட்டிருந்தால் இந்த வரைபடம் அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு வீச்சை மாற்றிப் பார்க்க வேண்டும். எந்தச் சோதனைக்கு எந்தப் பிழை அகப்படும் என்று யோசிப்பதில்தான் ஆய்வாளரின் கைத்திறன் தெரியும்.

இந்தக் கைத்திறனின் உச்சம் என்று நான் கருதுவது ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபு நைட்ரஜனை எடைபோட்ட கதை. 1890-களின் தொடக்கத்தில் அவர் வாயுக்களின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். நைட்ரஜனை இரண்டு வழிகளில் தயாரித்தார். ஒன்றில், காற்றைச் சூடான செம்பின் மேல் செலுத்தி ஆக்சிஜனை நீக்கினார். இன்னொன்றில், காற்றை அம்மோனியாவோடு சேர்த்து ஆக்சிஜனை நீக்கினார். அதில் கிடைக்கும் நைட்ரஜனில் ஒரு பகுதி அம்மோனியாவிலிருந்து வருவது. இரண்டு அடர்த்திகளும் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபட்டன.

ஆயிரத்தில் ஒன்று. பலர் இதைச் சராசரிக்குள் கரைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். ரேலே தன் எடைபோடும் முறையின் தடுமாற்றம் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருப்பதை அறிந்திருந்தார். அதனால் இந்த வேறுபாட்டை அவரால் விட முடியவில்லை. அப்புறம் அவர் செய்ததுதான் அழகு. வேறுபாட்டைக் குறைக்கப் பார்க்காமல் பெரிதாக்கப் பார்த்தார். காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜனைப் பயன்படுத்தி, நைட்ரஜன் முழுவதும் அம்மோனியாவிலிருந்தே வரும்படி செய்தார். வேறுபாடு இருநூறில் ஒன்றாக வளர்ந்தது. ஒரே கண்ணாடிக் கோளத்தில் நிரப்பி எடைபோட்டபோது காற்றிலிருந்து வந்த வாயு சுமார் 2.310 கிராம், வேதிச் சேர்மங்களிலிருந்து வந்தது சுமார் 2.299 கிராம். நைட்ரஜனைப் பிரிக்கச் சூடான செம்பு, சூடான இரும்பு, வேறொரு இரும்புச் சேர்மம் என்று மாற்றிப் பார்த்தார். வேதி நைட்ரஜனையும் வெவ்வேறு சேர்மங்களிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் எண்கள் நெருங்கி நின்றன, இரண்டு குழுக்களுக்கும் நடுவில் பள்ளம் அப்படியே இருந்தது.

வேதி நைட்ரஜனில் இலேசான ஹைட்ரஜன் கலந்திருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, ஹைட்ரஜனை வேண்டுமென்றே கலந்துவிட்டு, தூய்மைப்படுத்தும் அமைப்பு அதை நீக்குகிறதா என்று பார்த்தார். நீக்கியது. நைட்ரஜன் மூலக்கூறுகளில் சில உடைந்து இலேசாகிவிட்டனவோ என்று வாயுவை எட்டு மாதம் சேமித்து வைத்து மீண்டும் எடைபோட்டார். எடை மாறவில்லை. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு சோதனை. எல்லாம் அடைபட்ட பிறகு எஞ்சியது ஒரே விளக்கம்: காற்றில் இதுவரை யாரும் அறியாத கனமான வாயு ஒன்று இருக்கிறது. வேதியியலாளர் வில்லியம் ராம்சேயோடு சேர்ந்து 1894-இல் அதை அறிவித்தார். அதுதான் ஆர்கான். இருவருக்கும் 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது, ரேலேக்கு இயற்பியலில், ராம்சேக்கு வேதியியலில்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! ஆக்சிஜனை நீக்கிய காற்றில் ஆர்கான் ஏறத்தாழ 1.2%. அதன் அணுநிறை 40, நைட்ரஜனின் மூலக்கூறு நிறை 28. 28-ஐவிட 12 அதிகம், அதாவது 43% கனம். 1.2%-இல் 43% என்றால் அரை சதவீதம், இருநூறில் ஒன்று. ரேலே கண்ட அதே அளவு.

எதிர்த்திசையில் முடிந்த கதையும் உண்டு. 2011 செப்டம்பரில் ஆபரா என்ற சோதனைக் குழு, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை சுமார் 730 கிலோமீட்டர் பயணம் செய்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள், ஒளி வரவேண்டிய நேரத்தைவிட 60 நானோநொடி முன்பே வந்துவிட்டதாக அறிவித்தது. 15,000-க்கும் மேற்பட்ட நிகழ்வுகள், மூன்றாண்டுத் தரவு. சிதறலால் வரும் நிச்சயமின்மை 6.9 நானோநொடி, முறையான பிழைகளுக்கு மதிப்பிட்டது 7.4. இரண்டையும் சேர்த்தால் சுமார் 10. வேறுபாடு அதைப்போல ஆறு மடங்கு. தற்செயல் என்று தள்ளவே முடியாது.

காரணம் சில மாதங்களில் தெரிந்தது. நேரத் தகவலைக் கொண்டுவந்த ஒளியிழைக் கம்பி ஒன்று முழுதாகத் திருகிப் பொருத்தப்படவில்லை. அதனால் நியூட்ரினோக்கள் 70 நானோநொடிக்குச் சற்று மேல் முந்தி வந்ததாகத் தோன்றியது. கடிகாரம் ஒன்று சரியான வேகத்தில் ஓடாததால் எதிர்ப்பக்கமாகச் சுமார் 15 நானோநொடி. இரண்டும் கழிந்து நின்றதுதான் அந்த 60. பக்கத்திலேயே இருந்த இக்காரஸ் சோதனையும் 2012-இல் நியூட்ரினோக்கள் ஒளியின் வேகத்தைத் தாண்டவில்லை என்று காட்டியது. 7.4 என்ற அந்த மதிப்பீட்டில் கம்பி தளர்ந்திருக்கும் வாய்ப்பு இடம்பெறவில்லை. இடம்பெறவும் முடியாது, தெரிந்த பிழைகளை மட்டுமே பட்டியலில் சேர்க்க முடியும். ஆபரா குழுவை அப்போது கேலி செய்தவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தங்களுக்கே நம்ப முடியாத முடிவை எல்லா எண்களோடும் வெளியே வைத்து, எங்கே தவறு என்று தேடித்தாருங்கள் என்று உலகத்தைக் கேட்டார்கள். தவறைக் கண்டுபிடித்து அறிவித்ததும் அவர்களேதான்.

முன்பே இன்னொரு வழியில் வந்த சான்றும் இருந்தது. 1987-இல் வெடித்துத் தெரிந்த மீவிண்மீனிலிருந்து வந்த நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சில மணி நேரம் முன்னதாக வந்தன. அந்த இடைவெளிக்கு வெடிப்பின் இயல்பே காரணம், ஒளி விண்மீனின் மேற்பரப்பைக் கிழித்து வெளிவர நேரமாகும். ஆபரா சொன்ன வேகத்தில் அவை பறந்திருந்தால், ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு தூரத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும். இரண்டிலும் நியூட்ரினோக்களின் ஆற்றல் வேறு என்பதால் இது மட்டுமே முடிவான ஆதாரம் ஆகாது. ஆனாலும் பலருடைய சந்தேகத்துக்கு இது வலுவான காரணமாக இருந்தது.

துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல நிச்சயமின்மையைப்போல ஐந்து மடங்கு விலகல் வேண்டும் என்பது வழக்கம். பின்னணிச் சிதறலே அப்படி எழும்ப சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. இவ்வளவு கடுமை தேவையா என்று தோன்றலாம். பல்லாயிரம் இடங்களில் தேடினால் எங்காவது தரவின் வரைபடத்தில் ஒரு மேடு தற்செயலாகத் தெரியத்தான் செய்யும். 2015 டிசம்பரில் செர்னின் துகள் மோதல் கருவியான பெரிய ஹேட்ரான் மோதுவியில் இரண்டு சோதனைகள் ஒரே இடத்தில் ஒரு மேட்டைக் கண்டன. அதை விளக்க நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் வந்தன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேடு மறைந்தது. ஆனால் ஆபராவின் விலகல் ஆறு மடங்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தற்செயலிலிருந்து காப்பாற்றும் வேலிதான் அந்த ஐந்து மடங்கு, தளர்ந்த கம்பியிலிருந்து காப்பாற்றாது.

எதிர்பார்ப்பு தரும் பிழை

கருவியில் இல்லாத ஒரு பிழையும் உண்டு, பார்ப்பவரின் மனதில். எதிர்பார்த்த விடை வந்தால் அதோடு நிறுத்திவிடுகிறோம். வராவிட்டால் எங்கே தவறு என்று தேடுகிறோம். இரண்டு பக்கமும் சமமாகத் தேடாததால் முடிவுகள் எதிர்பார்ப்பின் பக்கம் சாய்ந்துவிடும்.

ஒளியின் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1941-இல், அதுவரை வந்த அளவீடுகளைச் சேர்த்து எடைபோட்டுச் சொன்ன மதிப்பு நொடிக்கு 2,99,776 ± 4 கிலோமீட்டர். அதற்கு முந்தைய சில அளவீடுகளும் அதே பக்கத்தில் நெருங்கி நின்றன. 1950-இல் வேறொரு முறையில், நுண்ணலைக் குழிவுகளை வைத்து அளந்தபோது 2,99,792.5 வந்தது. இன்றைய மதிப்பு 2,99,792.458. பழைய மதிப்பு தன் எல்லையைப்போல நான்கு மடங்கு தள்ளி இருந்திருக்கிறது. தனித்தனிக் கருவிகள், தனித்தனி ஆட்கள், ஆனாலும் ஒரே பக்கமாகத் தவறு. இதில் எவ்வளவு கருவிகளின் பங்கு, எவ்வளவு எதிர்பார்ப்பின் பங்கு என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றோடொன்று ஒத்துப்போவது மட்டும் போதாது என்பது தெளிவு.

எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளை வைத்து அளந்த மில்லிக்கனின் மதிப்பும் சுமார் 0.6% குறைவு. அவர் சொன்ன எல்லை 0.2%. காற்றின் பாகுநிலைக்கு, அதாவது துளியின் ஓட்டத்தைக் காற்று தடுக்கும் தன்மைக்கு, அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு சற்றுத் தவறானது. எண்ணெய்த் துளிகளையே திரும்பத் திரும்ப அளந்து இதைப் பிடிக்க முடியவில்லை. படிகங்களையும் எக்ஸ் கதிர்களையும் வைத்து முற்றிலும் வேறு பாதையில் வந்தவர்களுக்கு வேறு எண் கிடைத்தபோதுதான் 1930-களில் பாகுநிலையை மறுபடி அளந்தார்கள்.

எதிர்பார்ப்பைக் கட்டிப்போட இன்று கையாளும் உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது: விடையை ஆய்வாளர்களிடமிருந்தே மறைத்துவிடுவது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் மியூவான் என்ற துகளின் காந்தத் திருப்புத்திறனை அளந்த குழுவினர், தங்கள் கடிகாரத்தின் அதிர்வெண்ணைத் தெரியாத அளவுக்கு மாற்றி வைத்துக்கொண்டார்கள். உண்மையான அதிர்வெண் குழுவுக்கு வெளியே இருவருக்கு மட்டுமே தெரியும். அதை எழுதி உறையில் இட்டு வைத்திருந்தார்கள். பகுப்பாய்வு முழுவதையும் முடித்து, நிச்சயமின்மைக் கணக்கையும் பூட்டிய பிறகு, 2021-இல் உறையைப் பிரித்தார்கள். அந்த எண்ணைப் போட்டால் என்ன வருகிறதோ அதுதான் முடிவு, பிறகு யாரும் எதையும் தொடக் கூடாது. மருத்துவ ஆய்வுகளில் எந்த நோயாளிக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்பதை மருத்துவரிடமிருந்தே மறைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இன்னும் முடியாத வழக்குகள்

எல்லாக் கதையும் இப்படி முடிந்துவிடுவதில்லை. 1798-இல் கேவென்டிஷ் முறுக்குத் தராசை வைத்துப் பூமியின் அடர்த்தியை அளந்த காலத்திலிருந்து ஈர்ப்பு மாறிலியை, அதாவது இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று எவ்வளவு பலமாக இழுக்கும் என்று சொல்லும் எண்ணை, அளந்து வருகிறோம். இன்று பரிந்துரைக்கப்படும் மதிப்பின் நிச்சயமின்மை பத்து லட்சத்தில் 22 பங்கு. மற்ற அடிப்படை மாறிலிகளோடு ஒப்பிட்டால் இது மிக மோசம். ஈர்ப்பு அவ்வளவு பலவீனமான விசை, அதை எதை வைத்தும் மறைக்கவும் முடியாது. 2018-இல் சீனாவின் ஊகானில் ஒரே குழு இரண்டு முறைகளில் அளந்து, ஒவ்வொன்றுக்கும் பத்து லட்சத்தில் 12 என்று எல்லை சொன்னது. இரண்டு விடைகளும் பத்து லட்சத்தில் 45 வேறுபட்டன.

அணுக்கருவுக்கு வெளியே நியூட்ரான் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்ற கேள்வி இதைவிடச் சுவையானது. ஒரு முறையில் மிகக் குளிர்ந்த நியூட்ரான்களைக் கொள்கலனில் அடைத்து, நேரம் போகப்போக எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். சராசரி ஆயுள் சுமார் 878 நொடி வருகிறது. இன்னொரு முறையில் நியூட்ரான் கற்றையை ஓடவிட்டு, அது சிதைந்து பிறக்கும் புரோட்டான்களை எண்ணுகிறார்கள். அதில் சுமார் 888 நொடி. முதல் முறையின் மிகச் சிறந்த அளவீட்டின் எல்லை அரை நொடிக்கும் குறைவு, இரண்டாவதில் இரண்டு நொடி சொச்சம். பத்து நொடி இடைவெளியைச் சிதறலின் கணக்கில் எழுத முடியாது.

கொள்கலனிலிருந்து நியூட்ரான்கள் யாருக்கும் தெரியாமல் கசிந்தால் ஆயுள் குறைவாகத் தெரியும். கற்றையில் புரோட்டான்கள் சில எண்ணிக்கையில் விட்டுப்போனால் ஆயுள் கூடுதலாகத் தெரியும். இடைவெளி இருப்பது இந்தத் திசையில்தான், அதனால் இரண்டு பக்கமும் சந்தேகிக்க இடமிருக்கிறது. நியூட்ரான் சில சமயம் புரோட்டானைத் தராமல் நமக்குத் தெரியாத வேறு ஏதோவாகச் சிதைகிறது என்றால், அப்போதும் இதே திசையில்தான் இடைவெளி வரும். தளர்ந்த கம்பியா, இன்னொரு ஆர்கானா? கசிவைத் தவிர்க்க, நியூட்ரான்கள் சுவரைத் தொடாமலே காந்தப்புலத்தில் மிதக்கும் கொள்கலன்களை அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் கட்டினார்கள். அதிலும் 878-ஐ ஒட்டித்தான் வருகிறது. ஜப்பானின் ஜே-பார்க் ஆய்வகத்தில் கற்றை முறையையே எடுத்துக்கொண்டு, புரோட்டான்களுக்குப் பதில் சிதைவில் பிறக்கும் எலக்ட்ரான்களை எண்ணுகிறார்கள்.